ஆட்சேபம் உண்டா?

முன்பெல்லாம் பி என்றால் ஒரு பாட்டில், அவ்வளவுதான். ஓடி முடித்தவளைக் கழிவறை வரைக்கும் பின்தொடர்ந்து போய், அவள் கையாலேயே சிறுநீரை ஏ, பி என்று இரண்டு பாட்டில்களில் ஊற்றி மூட வைப்பார்கள். மூடியைத் திருகும்போது கடகடவென்று சத்தம் வரும். சத்தம் நிற்கும்வரை திருக வேண்டும். அதன்பிறகு உடைத்தால்தான் திறக்கும். ஏ-யில் ஊக்கமருந்து அகப்பட்டால் பி-யைத் திறப்பார்கள். இரண்டும் ஒன்றையே சொன்னால் குற்றம், பி மறுத்தால் விடுதலை. நான் ஓடிய காலத்தில் அப்படித்தான் இருந்தது.

பிறகு மருந்து செய்கிறவர்கள் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்கள். உடம்பு தானாகச் சுரப்பதையே அச்சு அசலாகச் செய்து ஊசியில் ஏற்றினார்கள். பாட்டிலில் இருப்பது ஊசியில் வந்ததா, உடம்பில் ஊறியதா என்று எந்த இயந்திரத்தாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதனால் பி-யை மாற்றிவிட்டார்கள். இப்போது பி என்பது உயிருள்ள சதை. ஒரு பிள்ளை பந்தயத்துக்குப் பதிவாகும் அன்று கையில் ஊசி வைத்துத் துளிச் சதை எடுப்பார்கள். அதை வளர்த்து மிளகு அளவுக்கு ஒரு சிறுநீரகம் ஆக்கி, கண்ணாடிக் குப்பியில் அடைத்து, உறைகுளிரில் தூங்க வைப்பார்கள். என்றைக்காவது அந்தப் பிள்ளை ஏ-யில் மாட்டினால் மிளகை எழுப்பி, காற்றைக் குறைத்து, மூச்சு முட்ட வைத்துப் பார்ப்பார்கள். ஏ-யில் இருந்த அளவுக்கு அதுவும் சுரந்தால் அது உடம்பின் இயல்பு, பிள்ளை நிரபராதி. சுரக்காவிட்டால் ஊசி போட்டவள். ஒரு பிள்ளைக்கு ஒரு பி. ஒரு தடவைதான் கேட்கலாம். கேட்டு முடித்ததும் அது செத்துவிடும்.

என் பெயர் தளவாய். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு விளையாட்டு விடுதியில் முப்பத்தோரு வருடமாக ஓட்டப் பயிற்சியாளன். இசக்கியம்மாள் என் பிள்ளை. பெற்ற பிள்ளை இல்லை, ஓட வைத்த பிள்ளை. நாங்குநேரிக்குப் பக்கத்தில் வாழைத்தார் சுமக்கிறவரின் மகள். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் கடைசிச் சுற்றில் மற்றவர்கள் வாயைப் பிளக்கும்போது இவள் அப்போதுதான் எழுந்தவள் போல ஓடுவாள். போன மாசியில் ஏ-யில் மாட்டினாள். சிவப்பணுவைப் பெருக்கும் ஹார்மோன், மனுஷ உடம்பில் இருக்கக்கூடியதைப் போல மூன்று மடங்கு.

அவள் போடவில்லை. இதை நான் எந்தக் கோவிலிலும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். அவள் அப்பாவுக்கு ரத்தம் கெட்டி. மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டில் ரத்தத்தை வெளியே எடுத்தால்தான் அவருக்குத் தலைவலி நிற்கும். அந்த ரத்தம்தான் இவளுக்கும். பி-யைத் திறந்தால் அது சொல்லிவிடும்.

ஆனால் குளிர்பெட்டியில் இசக்கியம்மாள் என்ற பெயரில் தூங்குவது இசக்கியம்மாளின் சதை இல்லை. அது எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய கதை. இசக்கிக்கு அப்போது பதினேழு, காகிதத்தில் பதினைந்து. எங்கள் தொழிலில் இதைப் பாவமாக யாரும் நினைப்பதில்லை, வழக்கம். பெரிய பிள்ளையைச் சின்னப் பிள்ளைகளோடு ஓடவிட்டால் பதக்கம் வரும், பதக்கம் வந்தால் வேலை வரும். நடுவில் ஒரே ஒரு தடைதான், எலும்பு வயதுச் சோதனை. மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து வயதைச் சொல்லிவிடுவார்கள். அதற்கும் வழி இருந்தது. விடுதியில் நிஜமாகவே சின்னப் பிள்ளை ஒன்றைப் பெரியவளின் பெயரில் அனுப்புவோம். அனுமதிச் சீட்டில் பயிற்சியாளர் கையெழுத்து இருந்தால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

அன்று இசக்கிக்குப் பதிலாக ஜெனிபாவை அனுப்பினேன். உவரிப் பிள்ளை, பதினாலு வயது, உயரம் தாண்டுகிறவள், நாரை மாதிரி கால். நான் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஜெனிபா கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்தாள். “சார், போட்டோ மட்டும்தான் எடுப்பாங்கன்னீங்க. ஊசியும் வச்சு எடுத்துட்டாங்க” என்றாள். அந்த வருடம்தான் எக்ஸ்ரே அறைக்கு அடுத்தே பி எடுக்கும் மேசையையும் போட்டிருந்தார்கள். உள்ளே ஓடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போனேன். ஒரு படிவத்தை நீட்டினார்கள். காப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். ஒரு வரியும் படிக்கவில்லை. விடுதியில் எடுத்த ரத்தத்திலிருந்தே பி ஆக்கிவிட்டார்கள் என்று இசக்கியிடம் சொன்னேன். சார் சொன்னால் சரிதான் என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஜெனிபா கதை அதோடு முடியவில்லை. அடுத்த வருடம் அவளை அவள் பெயரில் பதிய வேண்டும். ஒரே உடம்பு இரண்டு தடவை வந்தால் இயந்திரம் கத்திவிடும் என்று பயிற்சியாளர்களிடையே ஒரு பேச்சு. எனக்குப் பயம் வந்துவிட்டது. “முழங்கால் சரியில்ல, இதுக்கு மேல தாண்டினா நொண்டியாயிருவ” என்று சொல்லி அவளை ஊருக்கு அனுப்பிவிட்டேன். முழங்காலில் ஒரு கோளாறும் இல்லை. இப்போது நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை எடுத்துப் போடுகிறாள்.

பி-யைத் திறக்கும்போது துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். தடகளச் சங்கம் ஒரு வக்கீலைத் தருவதாகச் சொன்னது. இசக்கி வேண்டாம் என்றுவிட்டாள். “நீங்கதான் வரணும் சார். பதிவுல கையெழுத்துப் போட்டது நீங்கதான?” என்றாள். அந்தப் பேச்சு எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. அவ்வளவு புத்தி.

ஆய்வுக்கூடம் கோயம்புத்தூரில், சூலூர் தாண்டி. காலையில் போய் இறங்கி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் உட்கார்ந்தோம். அவள் இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாளே தவிர வாயில் போடவில்லை. நான் இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்ததை எடுத்துவிட்டேன்.

“இசக்கி, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாம கேளு. பி-யத் திறக்க வேண்டாம்னு எழுதிக் குடுத்துருவோம்.”

“என்னத்துக்கு சார்?”

“ஒத்துக்கிட்டா நாலு வருசத் தடைய மூணாக்குவாங்க. மூணு வருசம் கண்ண மூடித் தெறக்கதுக்குள்ள போயிரும். பெறவு திரும்ப ஓடலாம்லா.”

“நான் ஒண்ணும் போடலயே சார்.”

“போடலன்னு எனக்குத் தெரியாதாட்டி?”

“அப்பம் திறந்தா நல்லதுதான? எங்க அப்பா ரத்தம் அதுலயும் இருக்கும்லா?”

மாற்றிய பி என்று தெரிந்தால் நான்கு வருடம் இல்லை, ஆயுள் தடை. அதிலிருந்து அவளைக் காப்பாற்றத்தான் சொல்கிறேன் என்று என்னையே நம்ப வைத்திருந்தேன். காரணத்தைச் சொல்லாமல் காப்பாற்றிவிட வேண்டும், அதுதான் என் திட்டம்.

“மெஷின நம்ப முடியாது. ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்லிட்டா ஆயுசுக்கும் போச்சு. அதுக்குத்தான் சொல்லுதேன்.”

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். “நீங்களும் நம்பலயா சார்?” என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நான் உலகத்தில் வேறு யாரையும் அந்தப் பிள்ளையை நம்பிய அளவுக்கு நம்பியதில்லை. அதைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

“வேற எதும் சொல்லணுமா சார்?”

“வேற என்ன இருக்கு? இட்லி ஆறுது, சாப்பிடு.”

அவள் எழுந்து போய்க் கை கழுவினாள்.

ஆய்வுக்கூடத்தில் எங்களுக்குப் பொறுப்பு டாக்டர் பூங்கோதை. நாற்பது வயது இருக்கும். பள்ளிக்கூட டீச்சர் மாதிரி நிதானமாகப் பேசினார்.

“வாங்க சார், உக்காருங்க. ஏ பார்த்தவங்க யாரும் இந்த ரூமுக்குள்ள வரமாட்டாங்க. அவங்க கை இதுல படக்கூடாதுங்க. எனக்கே நேத்து வரைக்கும் இவங்க பேரு தெரியாது, வெறும் நம்பர்தான். குப்பியக் கொண்டாந்ததும் நம்பர நான் படிப்பேன், நீங்க படிக்கோணும், இவங்களும் படிக்கோணும். மூணும் ஒண்ணா இருந்தாத்தான் மேல போவோம்.”

“தொறந்த பெறகு?”

“மொதல்ல உசுரு இருக்குதான்னு பார்ப்போம். சிவப்பா ஒரு ஊட்டநீர் ஊத்துவோம். எந்திரிச்சுதுன்னா அதத் தின்னுட்டு மஞ்சளாக்கும். ஒரு மணி நேரம் பார்ப்போமுங்க. அதுக்கப்புறம் இவங்க எச்சிலோட ஒத்துப் பார்த்து இவங்களோடதுதான்னு உறுதி பண்ணுவோம். கடைசியாத்தான் சோதனை.”

“எந்திரிக்கலன்னா?”

டாக்டர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். “கேஸ் அதோட முடிஞ்சுதுங்க. ஏ-ய மட்டும் வச்சு யாரையும் தண்டிக்க முடியாது. ஒம்பது வருசக் குப்பியில அஞ்சுல ஒண்ணு எந்திரிக்காதுங்க.”

அஞ்சில் ஒன்று. அந்தக் கணக்கு என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

“இன்னொண்ணு சார். மூடிய உடைக்கறதுக்கு முன்னாடி ஆட்சேபம் உண்டான்னு மூணு தடவ கேட்பேன். பதிவுல கையெழுத்துப் போட்டவர் நீங்க, அதனால நீங்கதான் பதில் சொல்லோணும். பதிவு பண்றப்ப தப்பு நடந்துருச்சு, இது இவங்களோடது இல்லைன்னு நீங்க எழுதிக் குடுத்தா, இந்தக் குப்பிய இப்படியே திருப்பி வச்சிருவோம். இவங்க உடம்புல புதுசா எடுத்து வளர்ப்போம். ஆறு மாசம் ஆகும். மருந்து ஏதாச்சும் இருந்தாலும் அதுக்குள்ள வடிஞ்சிரும். அது வரைக்கும் இவங்க மேல குத்தம் இல்லீங்க.”

நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட படிவத்தில் இதுவும் இருந்திருக்கிறது.

“இவளே சொன்னா?” என்று கேட்டேன்.

“இவங்க சொன்னா எடுபடாதுங்க. மாட்டுனவங்க எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க.”

இசக்கி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குப்பி வந்தது. சுண்டுவிரல் உயரம், மேலே வெண்பனி. எண்ணை மூன்று பேரும் படித்தோம். மூடியில் கீறல் இல்லை, முத்திரை சரியாக இருந்தது. எல்லாம் சரி என்று கையெழுத்தும் போட்டேன். நான் போட்டதிலேயே உண்மையான கையெழுத்து அதுதான்.

“ஆட்சேபம் உண்டா?”

ஒரு வார்த்தை போதும். ஆனால் ஒன்பது வருடத்துக்கு முந்தைய அந்த எக்ஸ்ரே முகாமில் நான் ஆள் மாற்றி அனுப்பியது ஒருத்தியை இல்லை, ஏழு பேரை. ஒன்றைச் சொன்னால் ஏழும் வெளியே வரும். அதில் இரண்டு பிள்ளைகள் இன்னும் ஓடுகிறார்கள், அவர்களை நினைத்துத்தான் யோசிக்கிறேன் என்று எனக்கு நானே சொன்னேன். பொய். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. அடுத்த மாதம் சென்னையில் எனக்கு மாநில விருது. தளவாய் சார் என்று ஊரே எழுந்து நிற்கும். அதைத்தான் நினைத்தேன்.

“ஆட்சேபம் உண்டா?”

அஞ்சில் ஒன்று. செத்திருந்தால் யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அவளும் தப்பிப்பாள், நானும் தப்பிப்பேன்.

“ஆட்சேபம் உண்டா?”

இசக்கி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பந்தயத்தில் கடைசிச் சுற்று மணி அடிக்கும்போது, தடத்துக்கு வெளியே நான் எங்கே நிற்கிறேன் என்று தேடுவாளே, அதே பார்வை.

“இல்ல” என்றேன்.

மூடி உடைந்த சத்தம் சின்னதுதான். டாக்டர் ஊட்டநீரை ஊற்றிக் கண்ணாடித் தட்டை விளக்கின் மேல் வைத்தார். ரோஜாப்பூச் சிவப்பு. நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. அன்று இசக்கியம்மனிலிருந்து உவரி அந்தோணியார் வரைக்கும் ஒருவரையும் விடவில்லை. எழுந்திருக்கக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது. எதிரே இசக்கி தட்டைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்தில் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபது நிமிடத்தில் ஓரம் வெளுத்தது. அரைமணியில் தட்டு முழுக்கப் பொன்மஞ்சள்.

“அடேங்கப்பா! ஒம்பது வருசம் தூங்கிட்டு இத்தன வேகமா எந்திரிச்சு நான் பார்த்ததே இல்லீங்க. நல்ல திடமான உடம்பு” என்றார் டாக்டர். மனசு நிறைந்து சொன்னார்.

திடமான உடம்புதான். பதினைந்து வயதில் ஒரு மீட்டர் எழுபத்தொன்று தாண்டிய உடம்பு.

எச்சிலோடு ஒத்துப் பார்க்கப் பத்து நிமிடம் ஆனது. டாக்டர் திரையை இரண்டு தடவை பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பினார். குரலில் இருந்த ‘ங்க’ எல்லாம் போய்விட்டது.

“இது இவங்களோடது இல்ல. வேற ஒரு பொண்ணோடது. மாத்துன பி-க்கு ஆயுள் தடை. இனி மேல்முறையீடும் கிடையாது.”

அப்போதுதான் என் வாய் திறந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். எக்ஸ்ரே, ஜெனிபா, டீ, படிவம், ஏழு பேர். இயந்திரம் கத்திவிடுமே என்று ஜெனிபாவை விடுதியை விட்டுத் துரத்தியது வரை சொன்னேன். டாக்டர் குறுக்கிடாமல் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடினார்.

“ஒரே உடம்பு ரெண்டு தடவ வந்தா கண்டுபிடிக்கற மெஷினெல்லாம் எங்கயும் இல்ல. குப்பிக்குள்ள யாரு இருக்கறாங்கன்னு திறக்கற வரைக்கும் பார்க்கவே கூடாதுன்னு சட்டம். அந்தப் பொண்ணு தாராளமா அவ பேருல பதிஞ்சிருக்கலாம்.”

“அது கெடக்கட்டும் டாக்டர். இவளுக்கு எதாவது...”

“திறந்ததுக்கப்புறம் சொன்னா, ரெண்டு பேரும் சேர்ந்து மாத்துனதாத்தான் எடுத்துக்குவாங்க. உங்க பேரும் சேரும், அவ்வளவுதான். இவங்களுக்கு ஒண்ணும் மாறாது. மூணு தடவ கேட்டேனே சார்.”

இசக்கி எழுந்து டாக்டருக்கு வணக்கம் சொன்னாள். வெளியே நடந்தாள். பின்னாலேயே போனேன். நல்ல வெயில். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் வேப்ப மரத்தடியில் நெட்டையாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். எட்டு வருடம் ஆனாலும் அந்தக் கால்களை எனக்குத் தெரியாதா?

“போன மாசமே இவ எங்க வீடு தேடி வந்து சொல்லிட்டா சார்,” என்றாள் இசக்கி. “பேப்பர்ல பாத்தாளாம். அன்னைக்கு ஊசி வச்சது எனக்குல்லா, உனக்கு எப்படி பி இருக்கும்னு கேட்டா. நீங்க மட்டும் ஆட்சேபம்னு சொல்லியிருந்தா சாட்சிக்கு வேணும்னுதான் கடையில லீவு சொல்லிட்டு வந்து நிக்கா.”

“தெரிஞ்சும் ஏன்ட்டி எங்கிட்டச் சொல்லல? சொல்லுங்க சார்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?”

“கேட்டா, இவ சொல்லச் சொல்லித்தான் அவரு சொல்லுதாருன்னு எழுதுவாங்க. சங்கத்து வக்கீல்ட்ட முன்னாடியே கேட்டேன், நீங்களா சொன்னாத்தான் செல்லும்னாரு. அதுக்கும் மேல, நீங்களா சொல்லுவீங்கன்னு நெனச்சேன் சார். காலையில இட்லிக் கடையில சொல்லுவீங்கன்னு நெனச்சேன். மூணாவது தடவ அந்த அம்மா கேக்கும்போதும் சொல்லுவீங்கன்னுதான் நெனச்சேன்.”

ஜெனிபா, சாட்சி சொல்ல வசதியாகச் சுருட்டி விட்டிருந்த சுடிதார்க் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். இறங்குவதற்குள் ஊசி வைத்த தழும்பு தெரிந்தது, சின்ன வெள்ளைப் புள்ளி.

இருவரும் கேட்டைத் தாண்டப் போனார்கள். இசக்கி மட்டும் திரும்பி நின்றாள்.

“அந்தத் தட்ட வச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம்லா. அவ்வளவு நேரமும் உங்க வாய் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சே சார். இவ செத்திருக்கணும்னா வேண்டுனீங்க?”

அவள் ஒரு தடவைதான் கேட்டாள். நான் தலையைத் தூக்கியபோது இரண்டு பேரும் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றார்கள்.